காலஞ்சென்ற அவராச்சன் நடுவரான விதம்

ஏலிக்குட்டி குடையைத் தோளுக்கும் கன்னத்துக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, போனில் தான் போட்ட படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே படம் மறைந்தது. படத்தோடு சேர்ந்து கேள்வியும் மறைந்தது. அந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு கட்டம் வந்து, அதற்குள் ஒரு வரி நின்றது: 'இப்பதிவு நிர்வாகத்தால் நீக்கப்பட்டது.'

தான்தான் எங்கோ தவறாக அழுத்திவிட்டோம் என்று நினைத்தாள். விரலை நைட்டியில் துடைத்துவிட்டு மறுபடி தட்டினாள். கட்டம் அசையவில்லை. எதிரே முருக்கு மரத்தில் மிளகுக்கொடி நனைந்து தொங்கியது. இலைகளில் சூடு பட்ட மாதிரி கறுப்புப் புள்ளிகள். கீழ் இலைகள் உதிர்ந்து கிடந்தன. சில நாட்களுக்கு முன்னால் மேல்வரிசையில் ஒரே ஒரு கொடிதான் இப்படி இருந்தது. இப்போது அதன் இரண்டு பக்கத்துக் கொடிகளும் தலையைத் தொங்கப் போட்டிருந்தன. அவற்றுக்குக் கீழே சரிவு முழுக்கக் கொடிகள். மழைத்தண்ணீர் மேலிருந்து கீழாக ஓடிக்கொண்டிருந்தது.

கொடிகள் அவள் கணவர் அவராச்சன் வைத்தவை. அவர் விட்டுப்போனது அந்தச் சரிவு, இந்தப் போன், போனுக்குள் 'கறுத்த பொன்' என்னும் மிளகு விவசாயிகள் மன்றத்தில் அவர் பேரில் ஒரு கணக்கு. உயிரோடு இருந்தவரை அவர் மன்றத்தில் ஒரு வரி எழுதியதில்லை. காலையில் பால் விடாத கட்டன் சாயாவோடு உட்கார்ந்து படிப்பார். மருந்து அடிக்க வேண்டிய நாளில் அடிப்பார். ஏலிக்குட்டிக்குப் படிக்கவும் தெரியும், அடிக்கவும் தெரியும். எதைப் படித்து எதை அடிப்பது என்பதுதான் தெரியவில்லை.

முதலில் விவசாய ஆபீசுக்குத்தான் போனாள். ஆபீசர் 'விவசாயிகளை நேரில் சந்திப்பது எப்படி' என்ற பயிற்சிக்காகத் திருவனந்தபுரம் போயிருந்தார். அங்கிருந்த பெண் சுவரில் ஒட்டியிருந்த காகிதத்தைக் காட்டினாள். சந்தேகங்களுக்குக் கறுத்த பொன் மன்றத்தை அணுகவும் என்று போட்டிருந்தது. திரும்பி வரும் வழியில் பக்கத்துத் தோட்டத்துப் பைலியிடம் கேட்டாள்.

"எனக்கு ஏலக்காய்தான் சேச்சி. மிளகு வேலியோரத்துல நாலு கொடி, அவ்வளவுதான். நான் ஒண்ணு சொல்லி அது வேற ஒண்ணு ஆயிடுச்சுன்னா? மன்றத்துல கேளுங்க. அங்க கேட்டா ஒரு ஆதாரம் இருக்கும்."

"கொடி செத்தாலும் ஆதாரம் இருக்கும். இல்லியா?"

"அதுக்குத்தான் சொல்றேன் சேச்சி."

அப்படிக் கேட்ட கேள்விதான் இப்போது போய்விட்டது. வீட்டுக்குள் வந்து, மன்றத்தின் 'புகார்கள்' பகுதியில் 'என் கேள்வி எங்கே போச்சு?' என்று எழுதினாள். அவளைப் பொறுத்தவரை அது இன்னொரு கேள்வி. மன்றத்தைப் பொறுத்தவரை அது ஒரு இயக்கம்.

கண்ணூரிலிருந்து ஒருவர், ஒரு எளிய விவசாயியின் குரல்வளை நெரிக்கப்பட்டதாக எழுதினார். துபாயிலிருந்து ஒருவர் எழுதினார். ஆம்லெட்டில் தவிர வேறெங்கும் மிளகைப் பார்க்காதவர் அவர். ஜனநாயகம் இருக்கிறதா இல்லையா என்பதை இன்றே சொல்லியாக வேண்டும் என்று கெடு விதித்தார். நீக்குகிறவர்களின் பெயரை வெளியிடு, காரணத்தை வெளியிடு, நீக்கியதையும் வெளியிடு என்று கோரிக்கைகள் எழுந்தன. இதற்கு நடுவே வயநாட்டுக்காரர் ஒருவர், 'அந்த வாடலுக்கு நீங்கள் செய்ய வேண்டியது' என்று ஆரம்பித்தார். புகார்கள் பகுதியில் பயிர் ஆலோசனைக்கு அனுமதி இல்லை என்பதால் அது உடனே நீக்கப்பட்டது. அந்த நீக்கத்தை யாரும் கவனிக்கவில்லை.

மறுநாள் மன்றத்தில் ஹர்த்தால். பொழுது சாயும்வரை யாரும் எதுவும் எழுதக்கூடாது. எழுதியவர்களைத் தேடிப் போய், எழுதாதே என்று எல்லோரும் எழுதினார்கள். மன்றம் தொடங்கிய நாளிலிருந்து அவ்வளவு பதிவுகள் ஒரே நாளில் வந்ததில்லை.

ஹர்த்தால் முடிந்ததும் போன் அடித்தது. கோழிக்கோட்டிலிருந்து மன்றத்தின் செயலாளரான வாத்தியார், திவாகரன் மாஷ்.

"அவராச்சன் சேட்டன் இருக்காரா?"

"இல்ல. நான் வீட்டுக்காரி. கேள்வி கேட்டது நான்தான்."

"பரவால்ல. நீதி எல்லாருக்கும் பொதுதான். உங்க பதிவை எதுக்கு எடுத்தோம்னு சொல்லணும். தலைப்புல மாவட்டத்தோட பேர் இல்ல. ஏழாம் விதி."

"இடுக்கி மாஷே. இப்ப சேர்த்துப் போட்டுடட்டுமா?"

"நேத்து வரைக்கும் போட்டிருக்கலாம். இப்ப புகார் வந்தாச்சு. புகார் நிலுவையில இருக்கும்போது அதே கேள்வியைத் திரும்பப் போட்டா, விசாரணையில தலையிடற மாதிரி ஆயிடும்."

"அப்ப புகாரை வாபஸ் வாங்கிக்கறேன்."

"அதெப்படி சேச்சி? அது உங்க ஒருத்தர் புகாரா இப்ப? எத்தனை பேர் பின்னால நிக்கறாங்க. வாபஸ் வாங்கினா, நாங்க மிரட்டித்தான் வாங்கினீங்கன்னு சொல்வாங்க."

ஏலிக்குட்டி ஜன்னல் வழியாகச் சரிவைப் பார்த்தாள். மேல்வரிசை வெளிறித் தெரிந்தது.

"சரி மாஷே. அது என்ன வியாதின்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாம என்ன? படத்தைப் பார்த்த உடனே தெரிஞ்சுது."

"அப்ப சொல்லுங்க."

திவாகரன் மாஷின் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. "இப்ப நான் சொன்னா ஒரு தரப்புக்குச் சாய்ஞ்ச மாதிரி ஆகும் சேச்சி. முன்னாடியே கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

"முன்னாடி கேட்டேனே. அதைத்தானே எடுத்தீங்க?"

"அதைத்தான் விசாரிக்கப் போறோம்."

மன்றம் தாமதிக்கவில்லை. ஒளிவுமறைவற்ற, பாரபட்சமற்ற நிர்வாகத்துக்கான இடைக்கால நெறிமுறைகள் அந்த வாரமே வெளிவந்தன. அவற்றின்படி, இனி நீக்கப்படும் ஒவ்வொரு பதிவும், நீக்கிய காரணத்தோடு, 'நீக்கப்பட்டவை' என்ற தனிப் பக்கத்தில் முழுமையாக வெளியிடப்படும். நாகரிகமற்ற சொற்கள் தடித்த எழுத்தில் காட்டப்படும். வெகு சீக்கிரத்தில் அந்தப் பக்கம்தான் மன்றத்தில் அதிகம் படிக்கப்படும் பக்கமாயிற்று. அதுவரை யாரும் சீண்டாத மனிதர்கள், காலையில் எழுந்ததும் செயலாளரின் குடும்பத்தைப் பற்றி இரண்டு வரி எழுதி, மதியத்துக்குள் புகழ் பெற்றார்கள். ஏலிக்குட்டியின் கேள்வியும் படத்தோடு அங்கே வைக்கப்பட்டது. நிறையப் பேர் பார்த்தார்கள். ஆனால் அந்தப் பக்கத்தில் பதில் எழுத வழி கிடையாது. விசாரணையில் உள்ளதைப் பற்றிக் கருத்துச் சொல்வது அநீதி.

விசாரணைக்கு மூன்று பேர் கொண்ட நீதிக்குழு அமைந்தது. மலபாருக்கு ஒருவர், நடுக்கேரளத்துக்கு ஒருவர், திருவிதாங்கூருக்கு ஒருவர். கூட்டக் குறிப்புகள் ஒளிவுமறைவில்லாமல் வெளியிடப்பட்டன. ஏலிக்குட்டி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தாள்.

'படத்தில் உள்ளது ■■■■ நோய் என்பதில் மூவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. உடனடியாக ■■■■ தெளித்து வேரிலும் ஊற்றாவிட்டால் மற்றக் கொடிகளும் பிழைக்கா என்பது ஒருமனதாக ஏற்கப்பட்டது. தீர்ப்புக்கு முன் மனுதாரருக்கு ஆதாயம் விளையக்கூடாது என்பதால் மேற்கண்ட சொற்கள் மறைக்கப்பட்டுள்ளன.'

போனை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். சாய்த்துப் பார்த்தாள். கறுப்பு கறுப்பாகவே இருந்தது.

நீதிக்குழுவில் ஒருவர் நீக்கியது சரி என்றார். ஒருவர் தவறு என்றார். மூன்றாமவர் இருவரோடும் முரண்பட்டு, நீண்ட மறுப்புக்குறிப்பு ஒன்றைப் பதிவு செய்தார். அதை ஏற்கலாமா என்பதற்கு ஒரு துணைக்குழு போடப்பட்டது. துணைக்குழு கூடி, இனி இதை ஒரு நடுவரிடம் விடுவதே முறை என்று பரிந்துரைத்தது.

நடுவர் யார் பக்கமும் சாயாதவராக இருக்க வேண்டும். இங்கேதான் சிக்கல். மன்றத்தில் மிளகு ரகங்களில் கரிமுண்டா நல்லதா பன்னியூர் நல்லதா என்று எவ்வளவோ காலமாகச் சண்டை. கரிமுண்டாவைப் பன்னியூர்க்காரர்கள் கிழவிமிளகு என்பார்கள். பன்னியூரைக் கரிமுண்டாக்காரர்கள் தண்ணிமிளகு என்பார்கள். இந்தச் சண்டையில் கல்யாணங்கள் நின்றிருக்கின்றன. உறுப்பினர் ஒவ்வொருவரின் பழைய எழுத்தையும் அலசிப் பார்த்தார்கள். நடுநிலை என்று சொல்லிக்கொண்டவர்கள் இரண்டு பக்கமும் திட்டு வாங்கியிருந்தார்கள். கடைசியில், மன்றம் தொடங்கியதிலிருந்து யாரையும் ஒரு வார்த்தை சொல்லாத, யாராலும் ஒரு வார்த்தை சொல்லப்படாத ஒரே ஒருவர் கிடைத்தார்.

திவாகரன் மாஷ் போன் செய்தார். "வாழ்த்துகள் சேச்சி. அவராச்சன் சேட்டனை ஒருமனதா நடுவராத் தேர்ந்தெடுத்திருக்கோம். கேள்வி உங்களோடது, கணக்கு மட்டும்தான் அவரோடது, அதனால தடையில்ல. போனை அவர்கிட்ட குடுங்க."

"மாஷே, அவரு செத்துப்போயிட்டாரு."

"எப்ப?"

"போன மழைக்கு முந்தின மழையில."

"அனுதாபங்கள்." காகிதம் புரளும் சத்தம் கேட்டது. "நடுவர் உயிரோட இருக்கணும்னு விதியில எங்கயும் இல்ல சேச்சி."

"இப்பவா பார்த்தீங்க?"

"பக்கத்துலயே வச்சிருக்கேன். யோசிச்சுப் பார்த்தா இதைவிட நல்ல ஆள் கிடைக்காது. யாருக்கும் பயப்பட மாட்டார். யார்கிட்டயும் ஒண்ணும் எதிர்பார்க்க மாட்டார். நாளைக்கு மனசு மாறிட்டார்னும் யாரும் சொல்ல முடியாது."

"பட்டனை யாரு அழுத்தறது?"

"சட்டப்படி வாரிசு யாரு?"

இரங்கல் தீர்மானமும் நியமனத் தீர்மானமும் சிக்கனம் கருதி ஒரே தீர்மானமாக நிறைவேறின. எதிர்ப்பு ஒன்றுமில்லை. காலஞ்சென்ற அவராச்சனுக்கு எதிராக யாருக்கும் சொல்ல எதுவும் இல்லை.

"அப்ப என் கேசை நானே முடிச்சுக்கலாம், இல்லியா மாஷே?" என்று ஏலிக்குட்டி கேட்டாள்.

"முடிச்சுக்கலாம். ஆனா கடைசியா. அதை முதல்ல எடுத்தா, பதவிக்கு வந்த கையோட சொந்தக் காரியம் பார்த்துட்டார்னு பேசுவாங்க. செத்தவரைப் பத்தி அப்படிப் பேச விடலாமா?"

விடக்கூடாது என்றுதான் ஏலிக்குட்டிக்கும் பட்டது.

நடுவரின் திரை வேறு மாதிரி இருந்தது. எல்லாக் கோப்புகளும் வரிசையாக நின்றன. நடுவருக்குக் கறுப்புப் பட்டைகள் கிடையாது. வரிசையின் கடைசியில் அவளுடைய கோப்பும் இருந்தது. ஒரு தட்டுத் தட்டினால் போதும், என்ன நோய், என்ன மருந்து, எல்லாம் தெரிந்துவிடும். அதே நேரத்தில், நடுவர் எந்தக் கோப்பை எப்போது திறந்தார் என்பது மன்றத்தின் முதல் பக்கத்தில் அனைவரும் காண ஓடிக்கொண்டிருக்கும். அது புதிய நெறிமுறைகளிலேயே சிறந்தது என்று துபாய்க்காரர் பாராட்டியிருந்தார்.

மழை விட்ட ஒரு காலையில் அவள் போனைக் கையில் வைத்துக்கொண்டு சரிவில் இறங்கினாள். நோய் பாதிச் சரிவைத் தாண்டியிருந்தது. மீதி இன்னும் பச்சையாக இருந்தது. ஒரு கொடியைத் தொட்டாள். கணுக்கள் கழன்று, குழந்தையின் விளையாட்டுச்சாமான் மாதிரி துண்டு துண்டாகக் கீழே விழுந்தது. கட்டைவிரலைத் தன் கோப்புக்கு மேலே கொண்டுபோனாள்.

வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து பைலி எட்டிப் பார்த்தான். "என்ன சேச்சி, தோட்டத்துலயும் நீதிதானா? ஹைரேஞ்ச் மலை முழுக்க இப்ப உங்க பேச்சுதான். அதாவது, அவராச்சன் அச்சாயன் பேச்சு."

"பைலி, இதைத் திறந்தா என்னடா ஆகும்?"

"எல்லாருக்கும் தெரிஞ்சிடும் சேச்சி."

"என்ன வியாதின்னா?"

"நீங்க திறந்தீங்கன்னு."

ஏலிக்குட்டி கட்டைவிரலை மடக்கிக்கொண்டாள். வீட்டுக்குப் போய், வரிசையில் முதலாவதாக நின்ற கோப்பைத் திறந்தாள். சீக்கிரம் முடித்துவிட்டால் தன் முறை சீக்கிரம் வந்துவிடும் என்பதுதான் அவள் கணக்கு.

கணக்கு தப்பில்லை. ஆனால் தீர்ப்பு வரத் தொடங்கியதும் வழக்குகளும் வரத் தொடங்கின. தினமும் ரோஜாப்பூப் படத்தோடு காலை வணக்கம் போடும் ஒருவரின் பதிவுகளை, மிளகுக்குச் சம்பந்தமில்லை என்று நீக்கியிருந்தார்கள். ஏலிக்குட்டி நாள் முழுக்க யோசித்தாள். ரோஜாவும் ஒரு செடியே, செடிக்கு விவசாயத்தோடு உள்ள உறவை மன்றம் மறுக்க முடியாது, ஆனால் படத்திலுள்ள பனித்துளி செயற்கையாகத் தோன்றுவதால் அதை மட்டும் அகற்றலாம் என்று தீர்ப்பளித்தாள். இரண்டு தரப்பும் கைதட்டின. சொற்கள் அவளுக்குத் தாமாகவே வந்தன. 'மேற்படி', 'ஆயினும்', 'இருதரப்பையும் செவிமடுத்த பின்' என்றெல்லாம் எழுதும்போது கை இனித்தது. கிழவிமிளகு என்பது வசையா வர்ணனையா என்ற வழக்கை அவள் முடித்துவைத்த விதத்தைப் பற்றி, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பாதிரியார் அச்சன் தனியே கூப்பிட்டு இரண்டு வார்த்தை பாராட்டிச் சொன்னார்.

அயர்லாந்தில் நர்சாக இருக்கும் மகள் ஜின்சி கூப்பிட்டாள். "அம்மச்சி, எங்க வார்டுல ஒரு கோட்டயத்துக்காரி இருக்கா. அப்பச்சன் தீர்ப்பையெல்லாம் வரிவிடாம படிக்கறாளாம். என்னா அறிவுடி உங்க அப்பனுக்குன்னு கேக்கறா."

"நீ என்ன சொன்ன?"

"ரொம்பப் பேச மாட்டாருன்னு சொன்னேன். கொடியெல்லாம் எப்படி இருக்கு?"

"இருக்கு," என்றாள் ஏலிக்குட்டி. சொன்ன பிறகுதான், சரிவுப் பக்கம் போய் வெகுநாள் ஆகிவிட்டது என்று நினைவு வந்தது. "வைக்கறேன்டி. கப்பைக்கிழங்கு அடுப்புல இருக்கு. ஒரு மேல்முறையீடும் இருக்கு."

ஒருவழியாக வரிசை தீர்ந்து அவளுடைய கோப்பு தனியே நின்றது. மன்றம் முழுக்க அன்று வேறு வேலை பார்க்கவில்லை. முதல் பக்கத்தில் 'நடுவர் கோப்பைத் திறந்தார்' என்று ஓடியது. ஏலிக்குட்டி பட்டையில்லாத குறிப்புகளைப் படித்தாள். நோயின் பெயர் துரித வாட்டம். மருந்து, மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த கலவை. இரண்டும் கோழிக்கூட்டுக்குப் பின்னால், அவராச்சன் கட்டிவைத்த மூட்டைகளில் இருந்தன.

ஜன்னல் வழியாகப் பார்த்தாள். சரிவில் முருக்கு மரங்கள் மட்டும் நின்றன. ஒன்றிலும் கொடி இல்லை.

போனில் செய்திகள் விழுந்துகொண்டேயிருந்தன. நடுவர் என்ன செய்யப்போகிறார் பார்ப்போம் என்றார் கண்ணூர்க்காரர். சொந்தம் என்று வந்துவிட்டால் செத்தவனும் சாய்வான் என்று பன்னியூர்க்காரர் ஒருவர் எழுதினார். ஏலிக்குட்டி அதை இரண்டு முறை படித்தாள். சாயாவை ஒரு வாய் குடித்துவிட்டுத் தட்டச்சு செய்தாள்.

'இருதரப்பையும் செவிமடுத்த பின் அளிக்கப்படும் தீர்ப்பாவது: தலைப்பில் மாவட்டத்தின் பெயர் இல்லை. ஆகவே நீக்கியது சரியே. மனுதாரர் என் மனைவி என்பதால் சலுகை காட்டுவதற்கில்லை. மனு தள்ளுபடி. இப்படிக்கு, அவராச்சன்.'

மன்றத்தில் வாழ்த்துகள் கொட்டின. இதுவல்லவா நீதி என்றார்கள். ஹர்த்தால் நடத்தியவர்கள் ஊர்வலம் நடத்தினார்கள். திவாகரன் மாஷ் போன் செய்தார். "சேச்சி, மனுதாரருக்கு எங்க ஆழ்ந்த வருத்தத்தைச் சொல்லிடுங்க. நடுவருக்கு எங்க வணக்கத்தையும்."

"சொல்லிடறேன் மாஷே."

பதவிக்காலத்தை நீட்டித்துத் தீர்மானம் வந்தது. காலவரையறை தேவையில்லை என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள்.

மறுநாள் காலை பைலி வந்தான். வழக்கம்போல வேலியைத் தாண்டி வராமல், வாசல் வழியாக, செருப்பைக் கழற்றிவிட்டு வந்தான். வராந்தாவின் கைப்பிடிச் சுவரில் ஒரு மிளகு இலையை வைத்தான். நடுவில் கறுப்பாகப் புள்ளி.

"எங்க நாலு கொடியிலயும் வந்துருச்சு சேச்சி. உங்க சரிவுலேருந்து தண்ணியோட இறங்கியிருக்கும் போல. ஏலச்செடிக்கும் ஏறிடுமோன்னு பயமா இருக்கு. நீங்க கோப்பைப் படிச்சிருப்பீங்களே. என்ன அடிக்கணும்?"

ஏலிக்குட்டி இலையைப் பார்த்தாள். பைலியைப் பார்த்தாள். கண்ணாடியைக் கழற்றி நைட்டியில் துடைத்தாள்.

"பைலி, நாளைக்கு இது எங்கிட்டயே வழக்கா வரலாம். இப்ப நான் வாயைத் திறந்தா நல்லா இருக்குமா?"

பைலி யோசித்தான். அவன் முகத்தில் மனத்தாங்கல் இல்லை. தப்பான வீட்டுக்குள் நுழைந்துவிட்டவனின் கூச்சம்தான் இருந்தது.

"நல்லா இருக்காது சேச்சி. நான்தான் யோசிக்காம வந்துட்டேன். தலைப்புல மாவட்டம் இருக்கான்னு பார்க்கப் புதுசா போட்ட தலைப்புக் குழுவுல எனக்கும் ஒரு இடம் குடுத்திருக்காங்க. நான் உங்களை வந்து பார்த்தேன்னு தெரிஞ்சா ரெண்டு பேர் பேரும் கெடும். மன்றத்துலயே போட்டுக்கறேன்."

"அதான் முறை. சாயா குடிச்சிட்டுப் போறியா?"

"வேண்டாம் சேச்சி. அதையும் யாராவது ஏதாவது சொல்வாங்க."

குடையை விரித்துக்கொண்டு இறங்கினான். இறங்கும்போதே போனை எடுத்துத் தட்டத் தொடங்கியிருந்தான். உள்ளே ஏலிக்குட்டியின் போன் அடித்தது, கோழிக்கோட்டிலிருந்து. அவள் போகிற போக்கில் கைப்பிடிச் சுவரில் கிடந்த இலையைக் காம்பைப் பிடித்து எடுத்து, அடுப்புக்குள் போட்டாள்.